உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஆள், ஒரு முழு இசைக்குழு!

எலெக்ட்ரானிக் இசை என்றாலே, பட்டனைத் தட்டினால் போதும், மெஷின் பாடிவிடும் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. நடந்ததோ நேர்மாறு. வாசிக்க ஒருவர், தாளம் போட ஒருவர், பதிவு செய்ய ஒருவர் என்று பிரித்துச் செய்கிற அத்தனை வேலையையும் ஓர் அறைக்குள் ஒரே ஆள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததுதான் இந்த இசையின் வரலாறு. எந்த ஸ்வரம் என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. அந்த ஸ்வரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் அவரே உண்டாக்க வேண்டும். அப்படித் தனியாக உட்கார்ந்து உழைத்தவர்களைப் பற்றிய துணுக்குகள் இவை.

விவசாயம் படித்தவரின் விந்தை

ஒலிப்பதிவையே மூலப்பொருளாக வைத்து இசை செய்யலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் எகிப்தியர். 1944-ல் ஹலீம் எல்-தாப், கெய்ரோ வானொலி நிலையம் ஒன்றிலிருந்து காந்தக் கம்பியில் பதிவு செய்யும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, பெண்கள் கூடி நடத்தும் 'ஸார்' என்ற ஆவியோட்டும் சடங்குக்குப் போனார். அங்கே பதிந்த பாட்டை நிலையத்துக்குக் கொண்டுவந்து, எதிரொலி கூட்டி, மனிதக் குரல்தானா என்று திகைக்கிற அளவுக்கு உருமாற்றினார். ரயில் ஓசைகளை வைத்துப் பாரிஸில் பியர் ஷேஃபர் செய்த புகழ்பெற்ற படைப்பு வந்தது 1948-ல். எல்-தாப் முந்திக்கொண்டது நான்கு ஆண்டுகள். அவர் கல்லூரியில் படித்தது விவசாயம்!

ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு முழுப் படைப்பு

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஹ்யூ லெ கேய்ன். 1955-ல் அவர் செய்த 'டிரிப்ஸடி' என்ற படைப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட மூலதனம், வாளியில் விழுந்த ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரின் ஓசை. டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். இந்த ஒரு உத்தியை வைத்தே அந்தச் சொட்டிலிருந்து ஐந்து ஸ்வர வரிசை ஒன்றைப் பிடித்தார். முதலில் தனிச் சொட்டாகத் தொடங்கி, தூறலாகி, சரமாரியாகக் கொட்டி, மறுபடியும் ஒற்றைச் சொட்டில் வந்து முடிகிறது. மொத்தம் ஒன்றரை நிமிடம்தான். வேறு எந்த வாத்தியமும் அதில் இல்லை.

ஹிட்ச்காக்கின் பறவைகளுக்குக் குரல் கொடுத்தவர்

ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. கேட்பவரை நடுங்க வைக்கும் அந்தக் கிறீச்சிடல்களும் சிறகடிப்புகளும் பெர்லினில் ஆஸ்கர் சாலா என்பவரின் ஸ்டுடியோவில், 'டிராட்டோனியம்' என்ற மின்கருவியில் உருவானவை. அந்தக் கருவியில் பியானோ போல் கட்டைகள் இல்லை. உலோகப் பட்டையின் மேல் இழுத்துக் கட்டிய கம்பியை விரலால் அழுத்த வேண்டும். விரல் நகர நகர ஒலியும் வழுக்கிக்கொண்டு போகும். 2002-ல் இறக்கும்வரை சாலா தன் வாழ்நாள் முழுவதையும் இந்த ஒரு கருவிக்கே கொடுத்தார்.

படம் வரைந்தால் இசை வரும்

இங்கிலாந்தில் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் 1958-ல் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் டாஃப்னி ஓரம். நாடகங்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பதோடு நின்றுவிட அவருக்கு விருப்பமில்லை. அடுத்த ஆண்டே வேலையை விட்டுவிட்டு, கென்ட் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் சொந்த ஸ்டுடியோ போட்டார். அங்கே அவர் உருவாக்கிய கருவிக்குப் பெயர் 'ஓரமிக்ஸ்'.

35 மி.மீ. சினிமா ஃபிலிம் சுருள்கள் பத்து, பக்கம் பக்கமாக ஓடும். அவற்றின் மேல் மையால் வரைய வேண்டும். கீழிருந்து வரும் வெளிச்சத்தை அந்தக் கோடுகள் மறைப்பதும் விடுவதுமாக இருக்க, ஒளியை உணரும் கருவிகள் அதை மின்சாரமாக மாற்றும். ஒரு சுருள் சுருதியைத் தீர்மானிக்கும், இன்னொன்று ஒலியின் அளவை, மற்றொன்று எதிரொலியை. ஸ்வரத்தின் நடுக்கத்தைக்கூடக் கையால் வரையலாம். அந்தக் கருவி இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

எழுதியது 1949, ஒலித்தது 2016

அதே டாஃப்னி ஓரம் தன் இருபதுகளின் தொடக்கத்தில் 'ஸ்டில் பாயின்ட்' என்று ஒரு படைப்பை எழுதினார். இரண்டு ஆர்கெஸ்ட்ராக்கள் ஒருபுறம் வாசிக்க, இன்னொருபுறம் இசைத்தட்டுகளை மேடையிலேயே சுழற்றி, ஒலியை அங்கேயே மாற்ற வேண்டும் என்பது திட்டம். டிஜே என்ற பேச்சே எழாத காலம் அது. பிபிசி அதை ஏற்கவில்லை. 2003-ல் ஓரம் காலமானார். அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து மீட்டெடுத்து 2016-ல்தான் முதன்முதலாக வாசித்தார்கள். 2018-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசியின் ப்ராம்ஸ் இசை விழாவிலேயே அது ஒலித்தது.

"பெண்களுக்கு இங்கே வேலை இல்லை"

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு, 1959-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார் ஒரு பெண். ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் பெண்களை எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில், பிபிசியின் அதே ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில், உலகின் மிகப் பிரபலமான டிவி இசைகளில் ஒன்றை அவர் செய்து முடித்திருந்தார். பெயர் டெலியா டார்பிஷர்.

டேப்பை நடைபாதையில் விரித்தார்கள்

அந்த இசை, 1963-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசை. மெட்டு ரான் கிரெய்னருடையது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டார்பிஷருக்கு. அப்போது அவரிடம் சிந்தசைசர் கிடையாது. ஆய்வுக்கூடங்களில் கருவிகளைச் சோதிக்க வைத்திருக்கும் ஆஸிலேட்டர்கள், ஒற்றைக் கம்பியைச் சுண்டிய ஓசை, ரேடியோவில் வரும் இரைச்சல் போன்ற ஒலி, பிளேடு, ஒட்டும் டேப். அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வேண்டிய நீளத்துக்கு டேப்பை வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றால் அரை விநாடி ஸ்வரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு. தாளத்தை அளந்தது ஸ்கேல்தான்! கீழ் ஸ்தாயிக்கு ஒரு சுருள், மெட்டுக்கு ஒரு சுருள், இரைச்சலுக்கு ஒரு சுருள். பல டிராக் ரெக்கார்டர் இல்லாததால் எல்லா மெஷின்களையும் ஒரே நொடியில் ஓடவிட்டு ஒன்றாகக் கலந்தார்கள்.

ஓரிடத்தில் ஏதோ இடறியது. எந்த ஒட்டு தப்பு என்று காதுக்குப் பிடிபடவில்லை. டார்பிஷரும் உதவியாளர் டிக் மில்ஸும் ஸ்டுடியோவின் நீண்ட நடைபாதையில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒப்பிட்டுக்கொண்டே நடந்து போனார்கள். ஒரு டேப்பில் மட்டும் ஓர் ஒட்டு வரிசையில் சேராமல் விலகி நின்றது. அங்கே இருந்தது பிசகு.

பெயர் வர ஐம்பது ஆண்டுகள்

முடிந்த இசையைக் கேட்ட கிரெய்னர், இதையா நான் எழுதினேன் என்று வியந்துபோனார். டார்பிஷருக்கும் இசையமைப்பில் பங்கு கொடுக்க வேண்டும் என்று வாதாடியும் பார்த்தார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனித்தனியாகப் போடுவதில்லை என்ற பிபிசி விதி குறுக்கே நின்றது. டார்பிஷர் 2001-ல் இறந்தார். தொடரின் 50-ஆம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயம் ஒளிபரப்பான 2013-ல்தான், முகப்பு இசைக்காக அவர் பெயர் திரையில் வந்தது.

விளக்கு மூடியில் ஒரு பாலைவனம்

டார்பிஷருக்கு மிகவும் பிடித்த 'வாத்தியம்' ஒரு பச்சை நிற உலோக விளக்கு மூடி. தட்டினால் அருமையாக ரீங்கரிக்கும். சஹாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய டாக்குமென்டரிக்கு இசை கேட்டபோது அதைத்தான் எடுத்தார். தட்டும்போது எழும் 'டங்' என்ற முதல் ஓசையை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் தொடரும் ரீங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ரீங்காரத்துக்குள் எந்தெந்த அதிர்வுகள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, ஆஸிலேட்டர்களால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார். கானல் அலையும் மணல்வெளியை அப்படியே கண்முன் கொண்டுவருகிற இசை அது. 'ப்ளூ வெயில்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸ்' என்று தேடினால் கேட்கலாம். அவர் கற்ற கணிதம் அங்கே கைகொடுத்தது.

பரணில் கிடந்த 267 டேப்புகள்

டார்பிஷர் மறைந்தபின் அவர் வீட்டுப் பரணில் 267 டேப் சுருள்கள் கிடைத்தன. பல, காலை உணவு டப்பாக்களில் போட்டு வைத்தவை. மேலே ஒட்டிய சீட்டுகளும் உதிர்ந்துபோயிருந்தன. அத்தனையும் இன்று மான்செஸ்டரில் பாதுகாப்பாக இருக்கின்றன. ஒரு மனுஷியின் உழைப்பு குப்பைக்குப் போகாமல் தப்பியது இசை ரசிகர்கள் எல்லாருக்கும் கிடைத்த பாக்கியம்.

ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்

1968-ல் வந்த 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' ஆல்பத்தில் பாக்கின் இசை முழுவதையும் மூக் சிந்தசைசரில் வாசித்தவர் வெண்டி கார்லோஸ். அந்தக் கால மூக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் மூன்று முறை வாசித்து, மூன்று தடங்களில் பதிய வேண்டும். நடுவில் சுருதி விலகிவிடும். நிறுத்தி, சரிசெய்து, மறுபடியும் தொடங்க வேண்டும். அதற்கென்றே எட்டு டிராக் ரெக்கார்டர் ஒன்றைக் கார்லோஸ் தானே கட்டிக்கொண்டார். தயாரிப்பாளராக ரேச்சல் எல்கைண்ட் பக்கபலமாக இருந்தார். ஏறத்தாழ ஆயிரம் மணி நேர உழைப்பு. ஆல்பம் மூன்று கிராமி விருதுகளை வாங்கியது.

கஸ்டம்ஸில் மாட்டிய வாத்தியம்

அந்த ஆல்பத்தைக் கேட்டு அசந்துபோன ஜப்பானியர் இசாவோ டோமிடா, 1971-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு மூக் சிந்தசைசரை வரவழைத்தார். பெட்டி நிறைய திருகுகளும் ஒயர்களும். இசைக்கருவி என்று சொன்னால் ஜப்பான் சுங்க அதிகாரிகள் நம்பவில்லை. ராணுவக் கருவியோ என்று சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒருவழியாக மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, டெபுஸியின் பியானோ இசையை அடுக்கடுக்காகப் பதிந்தார். 1974-ல் வந்த 'ஸ்னோஃப்ளேக்ஸ் ஆர் டான்சிங்' ஆல்பம் அவரை உலகம் அறியச் செய்தது.

சமையலறையில் பிறந்த 'ஆக்சிஜன்'

தனி ஆள் இசைக்கு உலகச் சந்தையையே திறந்துவிட்டது ஒரு பிரெஞ்சு ஆல்பம். 1976-ல் பாரிஸில், தன் குடியிருப்பின் சமையலறையை ஸ்டுடியோவாக்கி, 'ஆக்சிஜன்' ஆல்பத்தைப் பதிவு செய்தார் ழான்-மிஷெல் ழார். கையில் இருந்தது எட்டு டிராக் டேப் மெஷின் ஒன்றும், சில சிந்தசைசர்களும், ஓர் எலெக்ட்ரிக் ஆர்கனும்.

தாளத்துக்கு 'மினி பாப்ஸ்' என்ற சிறிய டிரம் மெஷின். ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு தாளம். இன்னொன்றை அழுத்தினால் முதல் பட்டன் வெளியே வந்துவிடும். ழார் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்தி, எழாமல் இருக்க மேலே ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டார். இரண்டு தாளமும் ஒன்றாகக் கலந்து, அந்த மெஷினைச் செய்தவர்களே நினைத்துப் பார்க்காத ஒரு நடை கிடைத்தது. ஆர்கன் ஒலியை, கிடார்க்காரர்கள் காலால் மிதிக்கும் ஃபேஸர் பெட்டி வழியாக விட்டார். மிதந்து மிதந்து போகும் அந்த மேகம் போன்ற ஒலி அப்படி வந்ததுதான்.

இசைத்தட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. பாடகர் இல்லை, டிரம்மர் இல்லை, பாட்டுக்குத் தலைப்புகூட இல்லை; 'பகுதி 1, பகுதி 2' என்று ஆறு பகுதிகள், எவன் வாங்குவான் என்று கேட்டார்கள். கடைசியில் ஃபிரான்சிஸ் டிரெய்ஃபஸ் என்பவர் நம்பி வெளியிட்டார். இன்றுவரை விற்றது ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். பூமியின் தோல் உரிந்து உள்ளே மண்டை ஓடு தெரியும் அட்டைப்படம் மிஷெல் கிரான்ஜே வரைந்தது. சுற்றுச்சூழலைப் பற்றி இவ்வளவு பேச்சு எழாத நாளிலேயே, பிராணவாயுவின் பெயரைத் தலைப்பாக வைத்து எச்சரித்த ஆல்பம் இது.

உலகுக்கே ஒரு பிரதிதான்

அதே ழார் 1983-ல் ஓர் ஆல்பத்தை ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிட்டார். பெயர், 'சூப்பர் மார்க்கெட்டுக்கான இசை'. பாரிஸில் ஏலம் விட்டார். மறுபடி அச்சிட முடியாதபடி மூல டேப்புகளையும் தகடுகளையும் அழித்துவிட்டார். ரேடியோ லக்சம்பர்கில் ஒரே முறை முழுவதையும் ஒலிபரப்பினார்கள். அப்போது வேண்டியவர்கள் திருட்டுத்தனமாகப் பதிந்துகொள்ளட்டும் என்று அவரே அழைப்பு விடுத்தார்! ஓவியம் என்றால் ஒன்றுதான் இருக்கும், இசை மட்டும் ஏன் சரக்குபோல அடுக்கப்படுகிறது என்று அவர் எழுப்பிய கேள்வி அது.

விண்வெளியில் ஒலிக்காத சாக்ஸபோன்

சாக்ஸபோன் வாசிக்கத் தெரிந்த அமெரிக்க விண்வெளி வீரர் ரான் மெக்நேர். 'ரான்டேவூ' ஆல்பத்துக்காக, விண்கலத்திலிருந்தபடியே அவர் வாசிப்பதாக ழாரோடு ஏற்பாடு. அவர் ஏறிய சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73-வது விநாடியில் வெடித்துச் சிதறியது. ஏழு பேரும் உயிரிழந்தார்கள். ஆல்பத்தின் கடைசிப் பகுதியை ழார் ரானின் பெயருக்கே ஆக்கினார். ஏப்ரல் மாதம் ஹூஸ்டன் நகரில் நடந்த மாபெரும் நிகழ்ச்சியில் அது வாசிக்கப்பட்டது.

செடி வாங்கினால் இசைத்தட்டு இலவசம்

1976-ல் மார்ட் கார்சன் என்பவர் மூக் சிந்தசைசரில் செய்த 'பிளான்டேசியா' வீட்டுச் செடிகள் கேட்பதற்கான இசை! லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'மதர் எர்த்' என்ற கடையில் செடி வாங்கினால் கொடுத்தார்கள். சியர்ஸ் கடையில் குறிப்பிட்ட மெத்தை ஒன்றை வாங்கியவர்களுக்கும் கிடைத்தது. பிறகு மறந்தே போயிற்று. பல பத்தாண்டு கழித்து இன்டர்நெட்டில் புது ரசிகர்கள் தேடிப் பிடிக்க, 2019-ல் முறைப்படி மறுவெளியீடு கண்டது.

நொட்டேஷன் தெரியாமல் ஆஸ்கர்

'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. லண்டனில் தன் ஸ்டுடியோவில், சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, காட்சியைப் பார்த்தபடியே வாசிப்பது அவர் பாணி. 1920-களில் நடக்கிற கதைக்குச் சிந்தசைசர் இசை பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். கடற்கரை ஓட்டக் காட்சியை இன்று அந்த இசை இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

விண்மீன்களுக்கு நடுவே போன இசை

1977-ல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தகட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாடல் இருப்பது பலருக்குத் தெரியும். அதே தகட்டில் அமெரிக்கப் பெண்மணி லாரி ஸ்பீகல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒலியும் இருக்கிறது. கோள்களின் இயக்கத்தில் இசை இருக்கிறது என்று 1619-ல் நூல் எழுதினார் கெப்ளர். அவர் சொன்ன கணக்கைப் பெல் ஆய்வுக்கூடக் கம்ப்யூட்டரில் கொடுத்துக் கேட்கும்படி ஆக்கினார் ஸ்பீகல். 2012-ல் வாயேஜர்-1 விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் நுழைந்துவிட்டது.

தப்பினால் முதலிலிருந்து

பிரான்ஸின் எலியான் ரதீக் நியூயார்க்கில் ஏஆர்பி 2500 சிந்தசைசரை வாங்கியபோது, அதன் கீபோர்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார். திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒலி மாறுவதே தெரியாமல் மாறிக்கொண்டிருக்கும் நீண்ட படைப்புகளைச் செய்தார். டேப்புகளை ஒன்றாகக் கலக்கும்போது இடையில் நிறுத்த மாட்டார். ஒரு மணி நேரம் ஓடியபின் கை தவறினாலும் முதலிலிருந்துதான். திபெத்திய பௌத்தத்தைத் தழுவிய அவருடைய 'மரண முத்தொகுதி' மூன்று மணி நேரத்துக்கு நெருங்கியது. அதன் நடுப்பகுதி கைலாச மலையை வலம்வரும் மானசீகப் பயணம்.

அகமதாபாத்துக்கு வந்த மூக்

1969-லேயே இந்தியாவில் ஒரு மூக் சிந்தசைசர் இருந்தது! அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் தனித்தனியாகச் சோதனைகள் செய்தார்கள். சில ஆண்டுகளில் ஸ்டுடியோ ஓய்ந்தது. டேப்புகள் அந்த நிறுவனத்திலேயே கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2017-ல் பால் பர்காஸ் என்ற கலைஞர் கண்டெடுக்க, 2023-ல் ஆல்பமாக வெளிவந்தன.

தப்லாவுக்குப் பதில் டிரம் மெஷின்

இந்திப் படங்களில் ஆர்கெஸ்ட்ராக்காரராக வாசித்துக்கொண்டிருந்தவர் மும்பையின் சரண்ஜித் சிங். 1982-ல் ஒரு யோசனை வந்தது. தப்லாவை எடுத்துவிட்டு டிஸ்கோ தாளம் போட்டு, அதன் மேல் ராகங்களை வாசித்தால் என்ன? அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மூன்று ரோலண்டு கருவிகளைப் பிடித்தார்: தாளத்துக்கு டிஆர்-808, கீழ் ஸ்தாயிக்கு டிபி-303, ராகம் வாசிக்க ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர். ஹெச்எம்வி வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

அதிலுள்ள ராகங்கள் நமக்கும் சொந்தம்தான். யமன் என்பது நம் கல்யாணி, பூபாளி நம் மோகனம், மால்கவுன்ஸ் நம் ஹிந்தோளம், கலாவதி நம் வலஜி. டிபி-303 கருவியில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்கத்தான் அதைத் தயாரித்தார்கள். அதற்கு அது சரிப்படவில்லை, 1984-லேயே உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் ராகத்துக்கு அந்த வழுக்கல்தானே உயிர்! சரண்ஜித் சிங்கின் காது அதைப் பிடித்துக்கொண்டது.

ஆல்பம் விற்கவில்லை. 1987-ல் சிகாகோவில் அதே டிபி-303-ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்து உலகைக் கலக்கியது. ஹாலந்து நாட்டு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் 2002-ல் டெல்லியில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுவெளியீடு வந்தது. கேட்டவர்கள் ஆண்டைப் பார்த்துத் திகைத்தார்கள். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே ஒலி மும்பையில் ஒலித்திருக்கிறது. எழுபதைத் தாண்டிய வயதில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்துக்கு நடுவே அந்த ராகங்களை வாசித்தார். 2015-ல் காலமானார். வாழும்போதே அந்தக் கைத்தட்டல் கிடைத்தது மனதுக்கு நிறைவு.

கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டுடியோ

1992-ல் 'ரோஜா' பாட்டுகளைக் கேட்டவர்கள், இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று வியந்தார்கள். அதன் பெரும்பகுதி, கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்து அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஸ்டுடியோவில் உருவானது. அதற்கு முன் பல ஆண்டுகள் மற்றவர்களின் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தும், விளம்பரங்களுக்குச் சிறு இசைத்துணுக்குகள் செய்தும் பழகிய கை அது. மணிக்கணக்கில் வாடகை ஓடாத சொந்த அறை கிடைத்ததால், ஒரு ஒலி சரியாக வரும்வரை உட்கார முடிந்தது.

மூன்றேகால் விநாடிக்கு 84 முயற்சி

விண்டோஸ் 95 கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒலித்த இசையைச் செய்தவர் பிரையன் ஈனோ. நம்பிக்கை தர வேண்டும், உணர்ச்சி இருக்க வேண்டும், இன்னும் இன்னும் என்று நீண்ட பட்டியலைக் கொடுத்து, கடைசியில் மூன்றேகால் விநாடிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம். 84 துண்டுகள் செய்து பார்த்ததாக ஈனோ சொல்லியிருக்கிறார். 2025-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு அதே பட்டியலில் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் இசையும் இடம்பெற்றது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான அந்த இசையும் தனி ஒருவரின் வேலைதான். செய்தவர் ஜெர்மனியின் டேனியல் ரோசன்ஃபெல்ட்.

உதிர்ந்துபோனதே இசையானது

வில்லியம் பசின்ஸ்கி 1982-ல் செய்து வைத்திருந்த டேப் வளையங்களை, 2001-ல் நியூயார்க்கில் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பழைய டேப் சுற்றச் சுற்ற, மேல்பூச்சு உதிர்ந்து ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அவர் நிறுத்தவில்லை, கடைசிவரை பதிந்தார். வேலை முடிந்த சமயத்தில்தான் செப்டம்பர் 11 தாக்குதல். அன்று மாலை தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து புகை சூழ்ந்த நகரைப் படம்பிடித்து, அதோடு அந்த இசையைச் சேர்த்தார். இறந்தவர்களுக்கே அதை அர்ப்பணித்தார்.

முகம் காட்டாத லண்டன்காரர்

2007-ல் வந்த 'அன்ட்ரூ' ஆல்பத்தைச் செய்தவர் 'பரியல்' என்ற புனைபெயரில் இருந்தார். பேட்டி அரிது, போட்டோ கிடையாது. எல்லாரும் பயன்படுத்தும் சீக்வென்சர் மென்பொருள் இல்லாமல், ஒலியை வெட்டி ஒட்டும் சாதாரண மென்பொருளில் ஒவ்வொரு தட்டையும் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். அதனால்தான் அந்தத் தாளம் கடிகாரம் போல் ஓடாமல் சற்றுத் தள்ளாடுகிறது. அதுவே அதன் அழகு. மெர்க்குரி விருதுக்குப் பரிந்துரை வந்த 2008-ல், பத்திரிகைகள் துரத்தத் தொடங்கிய பிறகே தன் பெயரை வெளியே சொன்னார்.

எங்கே தொடங்கலாம்?

இவற்றில் பெரும்பாலானவை இன்டர்நெட்டில் கேட்கக் கிடைக்கின்றன. முதலில் 'டிரிப்ஸடி'க்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள். அடுத்து 1963-ஆம் ஆண்டின் 'டாக்டர் ஹூ' முகப்பு இசை. பின்னாளில் வந்த வடிவங்கள் வேண்டாம், பழசையே தேடுங்கள். மூன்றாவது சரண்ஜித் சிங்கின் பூபாளி. மோகனம் தெரிந்தவர்களுக்கு அது வேறு ஓர் அனுபவம். நேரம் இருக்கும் நாளில் 'ஆக்சிஜன்' முழுவதும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். எந்த அடுக்கை முதலில் பதிந்திருப்பார், எது கடைசி என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள். சின்ன வயதுக்காரர் யாராவது வீட்டில் லேப்டாப்பில் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தால், இந்த நான்கையும் அவரோடு சேர்ந்து கேளுங்கள். அவர் செய்ததையும் ஒருமுறை போடச் சொல்லுங்கள்.